பஞ்சைப் பிடித்த ஏழெழுத்து

டிஸ்கி: நீளமான பதிவு. காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு இப்போ பொட்டி தட்டிப் பிழைக்கிற ஒருத்தன் எழுதும் உயிரியல் வரலாறு இது. உயிரியல் படிச்ச மக்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம்.

இரண்டாம் உலகப் போர். பசிபிக் கடலில் சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவு. அமெரிக்கப் படைக்கு அங்கே ஜப்பான்காரன் போதாதென்று இன்னொரு எதிரியும் இருந்தது. கூடாரம், பெல்ட், பை, துணி என்று பருத்தியில் செய்த எல்லாமே புழுங்கலிலும் மழையிலும் கண் முன்னாடியே மக்கிப் போய்க்கொண்டிருந்தன. ராணுவத்தில் சாமான் சப்ளை பார்க்கிற குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு, 'யார்ரா இது நம்ம கூடாரத்தைத் திங்கிறது' என்று கண்டுபிடிக்க ஒரு ஆய்வுக்கூடமே வைத்தது. மக்கிய துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து நம்பர் போட்டு அடுக்கினார்கள். பூகன்வில்லில் மக்கிக் கிடந்த ஒரு கூடாரத் துணியிலிருந்து எடுத்த பூஞ்சைக்குக் கிடைத்த நம்பர் க்யூ.எம். 6ஏ. 'க்யூ.எம்.' என்றால் குவார்ட்டர்மாஸ்டர்.

அந்த ஒரே ஒரு பூஞ்சையின் வாரிசுகளைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆலைகளில் வளர்க்கிறார்கள். முதலில் வேறு இனம் என்று நினைத்திருந்தார்கள். 1977ல் தனி இனம் என்று பிரித்து, அதோடு பல வருஷம் மாரடித்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரையே வைத்தார்கள்: ட்ரைக்கோடெர்மா ரீஸீ. மனுஷனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்க, துணியைத் தின்கிற பூஞ்சைக்குப் பேர்! திருப்பூர் பனியனில் 'பயோ வாஷ்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய முடிகளை செல்லுலேஸ் என்கிற நொதியை விட்டு மேயவைத்து வழவழப்பாக்கும் வேலை அது. அந்த நொதியைச் செய்வதில் இந்தப் பூஞ்சைதான் பெரிய கை.

நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது பூஞ்சை எப்படித் தின்கிறது என்று சொல்ல இல்லை. தின்பதற்கு முன்னாடி அது எப்படிப் *பிடிக்கிறது* என்பதுதான் மேட்டர்.

பருத்தி நூலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த நீளமான சரம். அந்தச் சரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கடுக்காகப் படிகம் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரில் கரையாது, சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாது. ஆயிரம் தடவை துவைத்தாலும் வேட்டி வேட்டியாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் ஒரு மருந்தையோ வேறு எதையோ ஒட்டவைக்க வேண்டும் என்றால் கடுமையான ரசாயனம் தேவைப்படும். ஒட்டப்போகிற ஆள் ஒரு நாசூக்கான புரதம் என்றால் அந்த ரசாயனத்திலேயே செத்துப்போகும். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள், 'சும்மா தண்ணீரில், அறை வெப்பத்தில், தானாகப் போய் நூலைப் பிடித்துக்கொள்கிற சின்னத் துண்டு ஏதாவது கிடைக்குமா?' என்று தேட ஆரம்பித்தார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பெப்டைடு. ஐந்து, பத்து, பதினைந்து அமினோ அமிலங்கள் கோர்த்த குட்டிச் சரம். புரதத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரீஸ் கோஷ்டி 1950லேயே ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டது. கரைகிற மாதிரி மாற்றிய செல்லுலோஸை நிறையப் பூஞ்சைகள் வெட்டித் தள்ளுகின்றன. ஆனால் நிஜப் பருத்தியைக் கொடுத்தால் அதில் பல கையை விரித்துவிடுகின்றன. அப்படியானால் பருத்தியை ஜெயிக்கிற பூஞ்சையிடம் கூடுதலாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதற்கு 'சி1' என்று பெயர் வைத்தார்கள். அது என்னவென்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், வேரியபிள் டிக்ளேர் பண்ணியாச்சு, வேல்யூ இன்னும் வரவில்லை.

முடிச்சின் ஒரு பகுதி அவிழ்ந்தது 1986ல். அவிழ்க்க உதவியது பப்பாளி. நிஜமாத்தான் சொல்றேன். பப்பாளிப் பாலில் பப்பெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அந்த சமாச்சாரம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வான் டில்போர்க், கிளெய்சென்ஸ் முதலானோரும் ஸ்வீடனைச் சேர்ந்த பெட்டர்சனும் ட்ரைக்கோடெர்மாவின் முக்கியமான செல்லுலேஸை எடுத்து, பப்பெயினால் பக்குவமாக ஒரு வெட்டு வெட்டினார்கள். நொதி இரண்டாகப் பிரிந்தது. பெரிய துண்டு கரையும் சின்ன மூலக்கூறுகளை வழக்கம்போல வெட்டியது. ஆனால் படிகமாக இருக்கும் செல்லுலோஸிடம் வந்ததும் சோப்ளாங்கி ஆகிவிட்டது. ஒட்டுவதும் குறைந்துபோனது. அப்படியென்றால் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்! வெட்டி எடுத்த அந்தக் குட்டித் துண்டின் வேலை நூலைப் பிடித்துக்கொள்வது மட்டுமே. கிட்டத்தட்ட அதே காலகட்டத்தில் கனடாவின் வான்கூவரில் ஒரு பாக்டீரியாவின் செல்லுலேஸிலும் இதே மாதிரி கை தனி, வாய் தனி என்று கண்டுபிடித்தார்கள்.

1989ல் அந்தக் 'கை'யின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது. வெறும் 36 அமினோ அமிலங்கள். ஆப்பு மாதிரி ஒரு வடிவம். அதன் ஒரு முகம் தட்டையாக இருக்கிறது. அந்தத் தட்டை முகத்தில் வரிசையாக மூன்று டைரோசின். டைரோசின் என்பது தட்டையான வளையம் உள்ள அமினோ அமிலம். செல்லுலோஸ் சரத்தில் குளுக்கோஸ் வளையங்களும் மேலிருந்து பார்த்தால் தட்டைதான். தட்டை மேல் தட்டை, தோசை மேல் தோசை அடுக்குகிற மாதிரி போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த மூன்று வளையங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

சரி, கைதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன தேடல் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 36 என்பது நமக்குச் சின்னதாகத் தெரிந்தாலும், சரியாக மடிந்து சரியான இடங்களில் முடிச்சு விழுந்தால்தான் வேலை செய்யும். ஏழெட்டு என்றால் மடிக்கவே வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் ரசாயன முறையில் சுலபமாகச் செய்துவிடலாம், எதன் வாலில் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். அதைவிட முக்கியமாக, பட்டு, முடி, கம்பளி என்று ஒவ்வொரு நாருக்கும் இயற்கை இப்படித் தோதான கையைச் செய்து வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாமே தேட வேண்டியதுதான்.

எங்கே தேடுவது? இங்கேதான் கணக்கு பயமுறுத்துகிறது. அமினோ அமிலங்கள் 20. ஏழு இடம் உள்ள பெப்டைடு என்றால் 20ஐ ஏழு தடவை பெருக்கணும்: 128 கோடி வகைகள். பன்னிரண்டு இடம் என்றால் 4,096 லட்சம் கோடி. ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றாக நூலில் நனைத்துப் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும் என்று காட்டியவர் ஜார்ஜ் ஸ்மித். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்துக்காரர். 1980களின் நடுவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வெப்ஸ்டரின் ஆய்வுக்கூடத்துக்கு விடுப்பில் போயிருந்தபோது இந்த வேலையை ஆரம்பித்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். அதில் இழை மாதிரி ஒல்லியாக ஒரு ஜாதி உண்டு. அகலம் ஆறேழு நானோமீட்டர், நீளம் கிட்டத்தட்ட 900. பாக்டீரியாவைக் கொல்லாமல், குடியிருந்துகொண்டே குட்டி போட்டு வெளியே அனுப்புகிற சாது. அந்த இழையின் ஒரு நுனியில் ஐந்து புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்மித் அந்தப் புரதத்துக்கான ஜீனின் நடுவில் வேறொரு ஜீனின் துண்டைச் செருகினார். வைரஸ் சாகவில்லை. செருகிய துண்டுக்கான புரதம் நுனியில் வெளியே தெரிந்தது. 1985ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது.

இதோட அழகு நம்ம ஆளுங்களுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு ஃபேஜும் வெளியே ஒரு பெப்டைடைக் காட்டுகிறது, உள்ளே அதே பெப்டைடுக்கான சோர்ஸ் கோடை டி.என்.ஏவாக வைத்திருக்கிறது. எக்ஸிக்யூட்டபிளும் சோர்ஸும் ஒரே பொட்டலத்தில்! கோடிக்கணக்கான ஃபேஜை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, வேண்டிய பொருளின் மேல் ஊற்று. ஒட்டாததைக் கழுவி விடு. ஒட்டியதை அமிலம் விட்டுப் பிரித்தெடு. பாக்டீரியாவில் போட்டுப் பெருக்கு. திரும்ப ஊற்று. மூணு நாலு சுற்று இப்படிப் போனால் மிஞ்சுவது யார் என்று டி.என்.ஏவைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுக்கிற மாதிரி என்பதால் இதற்கு 'பயோபேனிங்' என்று பெயர். 1990ல் ஒரே வருஷத்தில் மூன்று குழுக்கள் இப்படிக் கோடிக்கணக்கான பெப்டைடுகள் கொண்ட நூலகங்களைச் செய்து காட்டின. அதில் ஒன்று ஸ்மித்துடையது. இங்கிலாந்தில் கிரெக் விண்டர் கூட்டம் இதே ஃபேஜ் நுனியில் ஆன்ட்டிபாடியை உட்காரவைத்தது. அந்த வழியில் பிறந்த ஹுமிரா என்கிற முடக்குவாத மருந்து 2002ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. ஸ்மித்துக்கும் விண்டருக்கும் 2018ல் வேதியியல் நொபேல். ஆன்ட்டிபாடி கதைக்கு எல்லோரும் விளக்கு பிடித்துவிட்டார்கள், நான் நார் பக்கமே நிற்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் தேடியது புரதத்தை ஒட்டும் பெப்டைடுகளைத்தான். அந்தப் புரதத்தை ஒரு பிளாஸ்டிக் தட்டில் பூசி, மேலே ஃபேஜை ஊற்றுவார்கள். கடைசியில் மிஞ்சியவற்றைப் பார்த்தால் சிலது புரதத்தைக் கண்டுகொள்ளவே இல்லை, நேராகத் தட்டின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றன! பெண் பார்க்க வந்தவன் வீட்டு நாற்காலி நல்லா இருக்கேன்னு சொன்ன கதை. 1995ல் இந்த பிளாஸ்டிக் பிடிப்பான்களைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் டைரோசினும் டிரிப்டோஃபானும் நிறைய. அதாவது தட்டை வளையக்காரர்கள்.

எல்லோருக்கும் தொல்லையாக இருந்த இதையே இன்னொரு கோணத்தில் பார்த்தால், உயிரில்லாத பொருளைக்கூட பெப்டைடு பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஸ்டான்லி பிரவுன் 1992லேயே ஃபேஜுக்குப் பதில் பாக்டீரியாவின் மேல்தோலை வைத்து, இரும்பு ஆக்ஸைடைப் பிடிக்கும் பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். 2000ல் ஏஞ்செலா பெல்ச்சர் குழு 'நேச்சர்' இதழில் குறைக்கடத்திகளைப் பிடிக்கும் பெப்டைடுகளை வெளியிட்டது. காலியம் ஆர்செனைடைப் பிடிக்கும், பக்கத்திலேயே இருக்கும் சிலிக்கானைத் தொடாது. எலெக்ட்ரானிக்ஸ்காரன் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இதுதான்.

மயிர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2000களில் டூபாண்ட் கம்பெனி தலைமுடியை வைத்து இந்த வேலையைச் செய்து காப்புரிமைகள் வாங்கியது. முடியை ஒட்டும் பெப்டைடின் வாலில் சாயத்தையோ கண்டிஷனரையோ கட்டிவிட்டால் ரசாயனம் இல்லாமலே முடியில் நிற்கும் என்பது ஐடியா. அதில் எனக்குப் பிடித்தது தேர்வு முறை. ஷாம்பு போட்டுக் கழுவியும் போகாத ஃபேஜ் எது என்று பார்த்தார்கள். பரீட்சை என்றால் இப்படி இருக்கணும் :-)

அப்புறம் வந்தது பட்டு. 2011ல் கலிபோர்னியாவில் யோகோபயாஷி குழு பட்டை ஒட்டும் பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்தது. 2013ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜிங் குவோ, ஜெஃப்ரி கேட்ச்மார்க் முதலானோர் செல்லுலோஸுக்கு ஏழிடப் பெப்டைடைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஏழெழுத்து இதுதான்: டபிள்யூ-ஹெச்-டபிள்யூ-டி-ஒய்-ஒய்-டபிள்யூ. டபிள்யூ என்றால் டிரிப்டோஃபான், ஒய் என்றால் டைரோசின். ஏழில் ஐந்து தட்டை வளையங்கள்! பூகன்வில் பூஞ்சையின் கையில் இருந்த மூன்று டைரோசின் ஞாபகம் இருக்கா? அந்தப் பூஞ்சைக்குப் பரிணாமம் கொடுத்த விடையையும் குலுக்கல் முறையில் நாம் எடுத்த விடையையும் பக்கத்தில் வைத்தால், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது.

ஒட்டி என்ன பிரயோஜனம்? இதற்கு 1984க்குப் போகணும். பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி என்ற இருவர் நம் உடம்பின் செல்கள் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருகின்றன என்று தேடி, வெறும் மூன்று எழுத்தில் வந்து நின்றார்கள்: ஆர்-ஜி-டி. இந்த மூன்றெழுத்து இருந்தால் செல் வந்து ஒட்டும். செல்லுலோஸில் அது கிடையாது. மெல்லிய ரத்தக் குழாய் அடைத்துப்போனால் மாற்றுக் குழாய் வேண்டும். ஒல்லியான செயற்கைக் குழாய்களுக்கு ரத்தம் உள்ளே உறைந்து அடைப்பதுதான் தலைவலி. பாக்டீரியா நெய்து தரும் செல்லுலோஸில் (நாட்டா டி கோக்கோ என்று ஜெல்லி மாதிரி விற்கிறார்களே, அதேதான்) குழாய் செய்யலாம், உடம்பு அதோடு பெரிதாகச் சண்டை போடாது. ஆனால் உள்சுவரில் ரத்தக்குழாய்ச் செல்கள் குடியேற வேண்டும். அதற்கு ஒரு கையால் செல்லுலோஸையும் மறு கையால் செல்லையும் பிடிக்கிற தரகர் தேவை. போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தில் 2010ல் செல்லுலோஸைப் பிடிக்கும் ஒரு 'கை'யோடு ஆர்-ஜி-டியைத் தைத்து முயன்றார்கள். அதற்கு முன் 2007ல் ஸ்வீடனில் கேட்டன்ஹோம் குழு பெப்டைடுக் கைக்குப் பதிலாக சைலோகுளூகான் என்ற மாவுப்பொருளின் வாலில் ஆர்-ஜி-டியைக் கட்டியது. சைலோகுளூகான் எதில் அதிகம் தெரியுமா? புளியங்கொட்டையில்! புளியங்கொட்டை மாவில் கஞ்சி காய்ச்சி ஆலைகளில் பாவு நூலுக்கும் சணலுக்கும் போடுவது நம்ம ஊரில் ரொம்ப காலமாக இருக்கிற வழக்கம்தான்.

இதுவரைக்கும் எல்லாம் சுபம். இப்போ இந்தக் கதையின் பெரிய பக் எங்கே இருந்தது என்று சொல்லணும்.

ஹெச்-ஏ-ஐ-ஒய்-பி-ஆர்-ஹெச் என்று ஒரு ஏழெழுத்துப் பெப்டைடு. 2001ல் இது செல்களின் மேல் இருக்கும் ஒரு இரும்பு வாங்கியை ஒட்டுகிறது என்று கட்டுரை வந்தது. அப்புறம் வேறு வேறு ஆய்வுக்கூடங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்களைத் தேடியபோதும் இதே ஏழெழுத்து வந்து நின்றது. எல்லாவற்றையும் ஒட்டும் சர்வரோக நிவாரணியா? 2008ல் நூலகத்தை விற்கும் கம்பெனியின் ஆட்களும் சேர்ந்து தோண்டிப் பார்த்தார்கள். விஷயம் பெப்டைடிலேயே இல்லை. அதைச் சுமந்த ஃபேஜின் டி.என்.ஏவில், பெப்டைடுக்குச் சம்பந்தமில்லாத வேறு இடத்தில், ஒற்றை எழுத்து மாறியிருந்தது. அதனால் அது மற்றதைவிட வேகமாகக் குட்டி போட்டது. ஒட்டவே வேண்டாம், கழுவும்போது நாலு பேர் தப்பித்தால் போதும், அடுத்த சுற்றுப் பெருக்கலில் கூட்டத்தையே அமுக்கிவிடும்.

யோசித்துப் பாருங்கள். நாம் 'நன்றாக ஒட்டுவது யார்' என்று தேர்தல் வைக்கிறோம். ஜெயித்தது 'அதிகம் பிள்ளை பெற்றது யார்'. இந்தப் பெப்டைடு எதையுமே ஒட்டாது என்று இதற்கு அர்த்தமில்லை. சுற்றுக் கடைசியில் அது நிற்பதை மட்டும் வைத்து ஒட்டும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஆனால் 'ஒட்டும்' என்று நம்பி அடுத்தடுத்து மருந்து ஏற்றும் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இந்த வித்தியாசம் உயிர் பிரச்சினை. 2010ல் சீன ஆராய்ச்சியாளர்கள் சாரோடப் என்றொரு இணையக் கருவி செய்தார்கள். நம்ம பெப்டைடை உள்ளே கொடுத்தால், இது ஏற்கெனவே தெரிந்த டுபாக்கூரா, பிளாஸ்டிக் பிடிப்பானா என்று பார்த்துச் சொல்லும்.

நார் விஷயத்தில் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. பிளாஸ்டிக்கைப் பிடிப்பதும் தட்டை வளையம், செல்லுலோஸைப் பிடிப்பதும் தட்டை வளையம். பிளாஸ்டிக் குழாயில் பஞ்சைப் போட்டு ஃபேஜை ஊற்றினால், வந்தவன் பஞ்சுக்கு வந்தானா, குழாய்க்கு வந்தானா? அதனால்தான் முதலில் வெறும் குழாயில் ஊற்றி ஒட்டுவதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பஞ்சுக்குக் கொடுப்பது வழக்கம். அப்புறம் ஃபேஜே இல்லாமல் பெப்டைடை மட்டும் தனியாகச் செய்து, நார் மேல் எவ்வளவு தங்குகிறது என்று அளக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி அளவு இல்லாத கட்டுரையை அப்படியே மூடி வைத்துவிடலாம்.

அமிலம் விட்டுப் பிரிக்கிறோம் என்றேனே, அங்கேயும் ஒரு வில்லங்கம். விடாப்பிடியாக ஒட்டியவன் அமிலத்துக்கும் அசையமாட்டான், நாரோடு சேர்ந்து குப்பைக்குப் போவான். நம் கைக்கு வருவது சுமாராக ஒட்டியவர்கள். இதற்காகச் சிலர் பிரிக்கிற படியையே தூக்கிவிட்டு, ஃபேஜ் ஒட்டிய பொருளின் மேலேயே பாக்டீரியாவை விட்டு வளர்த்தார்கள். இன்னும் சிலர் ஒட்டியிருக்கும் ஃபேஜின் டி.என்.ஏவை அங்கேயே நகலெடுத்துப் படித்தார்கள்.

ஷாம்பு காப்புரிமையில் இன்னும் சில தமாஷான சமாச்சாரங்கள் இருக்கு. ஆணி குறைவா இருக்கிற ஒரு வாரக்கடைசியில் தனிப் பதிவாவே போடுறேன். உங்களில் யாராவது ஃபேஜோட நிஜமாவே மல்லுக்கட்டினவங்க இருந்தா, எத்தனை சுற்றுக்கு அப்புறம் பிளாஸ்டிக்காரன் தலைகாட்டினான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.